கூட்டம் எந்தப் பக்கம் போகுது? காசு யார் கைக்குப் போகுது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வெளிநாட்டு டூர் பத்தித்தான் நிறைய கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்துட்டு மிச்சத்துக்கு பதில் எழுதியிருக்கேன்.

கோவை வாசகர்: கொரோனாவுல படுத்த டூரிசம் முழுசா எழுந்துடுச்சுன்னு நியூஸ்ல சொல்றாங்க. உலகம் பூரா அப்படித்தானா?

மொத்தமா பாத்தா எழுந்துடுச்சுங்க. 2019-ல நாடு விட்டு நாடு போய் ஒரு ராத்திரியாவது தங்கினவங்க சுமார் 146 கோடி பேர், 2020-ல அது 40 கோடி சொச்சத்துக்கு விழுந்துச்சு, 2024-ல திரும்ப 140 கோடிக்கு வந்துடுச்சு. மாட்ரிட்ல இருக்குற ஐ.நா. சுற்றுலா அமைப்புதான் இந்தக் கணக்கை எடுக்குது. 1950-ல இது வெறும் 2.5 கோடிதான், அதை வச்சுப் பாத்தா இப்போ நடக்குறது எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

ஆனா ஏரியா ஏரியாவா பிரிச்சாத்தான் விஷயம் புரியும். 2024-ல ஐரோப்பாவுக்கு மட்டும் 74 கோடிக்கு மேல, அதாவது உலகத்துல பாதிக்கும் மேல. ஆசியா பசிபிக் பக்கம் சுமார் 31 கோடி, அமெரிக்கக் கண்டங்கள் ரெண்டும் சேத்து 21 கோடி, மேற்கு ஆசியா 9.5 கோடி, ஆப்பிரிக்கா 7.4 கோடி. இதுல மேற்கு ஆசியா 2019-ஐ விட 30 சதவீதத்துக்கு மேல ஏறி நிக்குது, ஆப்பிரிக்காவும் பழைய கணக்கைத் தாண்டிடுச்சு, நம்ம ஆசியாதான் கடைசியா வந்துச்சு, 2024-லயும் 2019-ல இருந்ததுல 87 சதவீதம்தான். காரணம் சீனா. அவங்க கதவைத் திறந்ததே 2023 ஜனவரியிலதான், திறந்த அப்புறமும் மக்கள் முன்னாடி மாதிரி கூட்டமா கிளம்பல, அவங்களை நம்பி ஓட்டல் கட்டின தாய்லாந்து, கம்போடியா மாதிரி நாடெல்லாம் இன்னும் அந்த அடியில இருந்து முழுசா வெளிய வரல.

மதுரை வாசகி: எப்ப பாத்தாலும் பிரான்ஸ்தான் முதலிடம், ஐரோப்பாதான் முதலிடம். நம்ம நாட்டுல இல்லாததா அங்க இருக்கு?

அழகை வச்சு வர்ற இடம் இல்லைங்க இது, பாதி எல்லைக்கோட்டுக் கணக்கு. சென்னையில ரயில் ஏறி டெல்லி வரைக்கும் 2,000 கிலோமீட்டருக்கு மேல போனாலும் நாம வெளிநாட்டுப் பயணி ஆகமாட்டோம். பாரிஸ்ல ஏறின ஒருத்தர் ஒண்ணரை மணி நேரத்துல பிரஸ்ஸல்ஸ்ல இறங்கி ஒரு ராத்திரி தங்கினா பெல்ஜியம் கணக்குல ஒரு தலை கூடிடும். சின்னச் சின்ன நாடுக, நடுவுல பாஸ்போர்ட் செக்கிங் இல்லாத ஷெங்கன் ஏற்பாடு, மலிவு பிளைட், வருஷத்துக்கு நாலஞ்சு வாரம் சம்பளத்தோட லீவு, இத்தனையும் ஒரே இடத்துல இருந்தா கூட்டம் கூடத்தான் செய்யும். பிரான்ஸ் 2024-ல 10 கோடி, ஸ்பெயின் 9.4 கோடின்னு வந்ததுல பெரும்பகுதி பக்கத்து நாட்டு ஆளுங்கதான். ஜெர்மன்காரர் கார்ல ஸ்பெயினுக்குப் போற வழியில பிரான்ஸ்ல ஒரு ராத்திரி தூங்கிட்டுப் போனாலும் அது பிரான்ஸ் கணக்குதான்.

இந்தியாவுக்கு 2019-ல வந்தவங்க சுமார் 1.09 கோடி, 2024-லயும் அந்த அளவுக்கு வரல. அதுக்காக நாம வருத்தப்பட நிறைய காரணம் இருக்கு, ஆனா பிரான்ஸோட ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

திருச்சி காலேஜ் மாணவர்: ஸ்பெயின்ல, பார்சிலோனாவுல சாப்பிட்டுட்டு இருந்த டூரிஸ்ட் மேல வாட்டர் கன்னால தண்ணி அடிச்ச வீடியோ பாத்தேன் சார். காசு கொண்டு வர்றவங்களை விரட்டுறது என்ன நியாயம்?

அந்த வீடியோ 2024 ஜூலை மாசத்து ஊர்வலத்துல எடுத்தது தம்பி. ஓட்டல் வாசல்ல குடும்பத்தோட சாப்பிட்டுட்டு இருந்தவங்க மேல தண்ணி அடிச்சது தப்புதான், அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். ஆனா அந்த ஊர்க்காரங்க கோபத்துக்குப் பின்னாடி இருக்குறதை நீ தெரிஞ்சுக்கணும்.

வீட்டு வாடகைதான் விஷயமே. பார்சிலோனாவுல ஒரு வீட்டை ஊர்க்காரங்களுக்கு மாச வாடகைக்கு விடுறதை விட டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விட்டா பல மடங்கு கிடைக்கும், அதனால வீட்டுக்காரங்க பழைய குடித்தனக்காரங்களைக் காலி பண்ண வச்சு வீட்டை ஆப்ல போட ஆரம்பிச்சாங்க, பத்து வருஷத்துல வாடகை 68 சதவீதம் ஏறிடுச்சுன்னு மேயர் ஜௌமே கொல்போனியே சொன்னார். அந்த ஊருலயே பொறந்து வளந்த டீச்சர், நர்ஸ், ஓட்டல் சர்வர் யாராலயும் அங்க குடியிருக்க முடியல, டூரிஸ்டுக்கு பரிமாறுற பையனே ஒரு மணி நேரம் ரயில்ல வந்து பரிமாறிட்டுப் போறான். கடைசியில நகராட்சி 2024 ஜூன்ல ஒரு முடிவு எடுத்துச்சு, லைசென்ஸ் வாங்கின 10,101 டூரிஸ்ட் பிளாட்டுக்கும் 2028 நவம்பரோட லைசென்ஸ் முடியுது, அப்புறம் புதுப்பிக்கப் போறதில்ல. எனக்கு இது சரியான முடிவாத்தான் படுது. ஓட்டல் இருக்கு, வர்றவங்க அதுல தங்கட்டும், குடியிருக்கக் கட்டின வீட்டுல ஜனங்க குடியிருக்கட்டும்.

இத்தாலியில இருக்குற வெனிஸ் கதை இன்னும் மோசம். அங்க ரியால்ட்டோ பாலத்துக்குப் பக்கத்துல மொரெல்லின்னு ஒரு மருந்துக்கடை இருக்கு, அந்தக் கடை கண்ணாடிக்குள்ள 2008-ல இருந்து ஒரு எலெக்ட்ரானிக் போர்டு வச்சிருக்காங்க, இன்னைக்கு தீவு நகரத்துல எத்தனை பேர் மிச்சம் இருக்காங்கன்னு அதுல நம்பர் ஓடும். 1950-கள் ஆரம்பத்துல சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்த ஊரு அது, 2022-ல 50,000-க்குக் கீழ இறங்கிடுச்சு. அப்புறம் ஊர்ல ஒரு புத்தகக் கடையில டூரிஸ்டுக்கான படுக்கை எத்தனைன்னு இன்னொரு போர்டு வச்சாங்க, 2023-ல அந்த நம்பர் குடியிருக்குறவங்க நம்பரைத் தாண்டிடுச்சு. ஒரு ஊர்ல ஜனத்தை விட வாடகைக் கட்டில் ஜாஸ்தின்னா அங்க மளிகைக்கடை எதுக்கு, ஸ்கூல் எதுக்கு, எல்லாம் டூரிஸ்டுக்கு திருவிழா முகமூடி விக்கிற கடையா மாறிடுச்சு.

இதுல இன்னொண்ணு கவனிக்கணும், வெனிஸுக்கு வர்றதுல பெரும்பாலானவங்க காலையில வந்து சாயங்காலம் போறவங்க, ராத்திரி தங்குறதில்ல. பெரிய சொகுசுக் கப்பல்ல வர்றவங்களுக்கு சாப்பாடு, தூக்கம், ஷாப்பிங் எல்லாம் கப்பல்லயே, இறங்கி ஒரு ஐஸ்கிரீம் வாங்கி ரெண்டு போட்டோ எடுத்துட்டு ஏறிடுவாங்க, ஆனா குப்பையும் நெரிசலும் ஊருக்கு. 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல்களை ஊருக்கு நடுவுல இருக்குற கால்வாய்க்குள்ள விடுறதில்ல. 2024 ஏப்ரல் 25-ல இருந்து கூட்டம் ஜாஸ்தியா இருக்குற நாள்கள்ல பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டாங்க, அடுத்த வருஷம் கடைசி நேரத்துல பதிவு பண்றவங்களுக்கு 10 யூரோ ஆக்கினாங்க. ராத்திரி தங்குறவங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. ஆனா 5 யூரோவுக்கு பயந்து யார் திரும்பிப் போவாங்க? ஊர்க்காரங்கள்லயே நிறைய பேர் இதை எதிர்த்தாங்க, எங்க ஊரை டிக்கெட் கிழிக்கிற மியூசியம் ஆக்கிட்டீங்களேன்னு, அந்த வேதனை எனக்குப் புரியுது.

அதனால தம்பி, "காசு கொண்டு வர்றவங்க"ன்னு நீ எழுதியிருக்குறதுல அடுத்த கேள்வியையும் சேத்துக்கோ. அந்தக் காசு யார் கைக்குப் போகுது? கப்பல் கம்பெனிக்கா, ஆப் கம்பெனிக்கா, நாலு பிளாட் வச்சிருக்குற ஓனருக்கா, இல்ல அந்தத் தெருவுல குடியிருக்குறவங்களுக்கா? எந்த நாட்டு டூரிசம் நியூஸைப் படிச்சாலும் நான் முதல்ல தேடுறது இதைத்தான்.

சென்னை வாசகர்: ஆபீஸ்ல ஆளாளுக்கு ஜப்பான் போயிட்டு வராங்க. முன்னாடி ஜப்பான்னா காஸ்ட்லின்னு யாரும் பக்கமே போகமாட்டாங்களே, திடீர்னு என்ன ஆச்சு?

யென் விழுந்துடுச்சு, அவ்வளவுதான். 2021 ஆரம்பத்துல ஒரு டாலருக்கு 103, 104 யென் கிடைச்சுது, 2024 ஜூலையில 160-ஐத் தாண்டிப் போச்சு. டாலர் வச்சிருக்குறவங்களுக்கு ஜப்பான் முழுக்க தள்ளுபடி விலையில கிடைச்ச மாதிரி. 2019-ல 3.19 கோடி பேர் வந்த நாட்டுக்கு 2024-ல 3.69 கோடி, 2025-ல 4 கோடிக்கும் மேல.

இதுலயும் அடி வாங்குறது ஊர்க்காரங்கதான், ஏன்னா அவங்க சம்பளம் யென்ல. ஃபுஜி மலை அடிவாரத்துல புஜிகாவாகுச்சிகோன்னு ஒரு ஊர், அங்க ஒரு லாசன் கடை, நம்ம ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாதிரி சின்னக் கடைதான், கடைக்கு சரியா பின்னால ஃபுஜி மலை தெரியும். அந்த போட்டோ இன்ஸ்டாகிராம்ல பரவி, எதிர்த்தாப்ல இருக்குற பல் கிளினிக் வாசல்ல நின்னு போட்டோ எடுக்குறது, அவங்க பார்க்கிங்ல வண்டிய விடுறது, கூரை மேல ஏறுறது, ரோட்டுக்கு நடுவுல நிக்கிறதுன்னு தாங்கமுடியாம, 2024 மே மாசம் நகராட்சி 20 மீட்டர் நீளம் 2.5 மீட்டர் உயரத்துக்கு கறுப்பு வலை கட்டி மலையவே மறைச்சுட்டாங்க. சில நாள்ல அதுல போன் லென்ஸ் நுழையிற அளவுக்கு ஓட்டை போட்டு வச்சிருந்தாங்க. ஆகஸ்ட்ல புயல் எச்சரிக்கைக்காக வலைய இறக்கினவங்க திரும்பக் கட்டல. கியோட்டோவுல சிட்டி பஸ்ல ஊர்க்காரப் பாட்டிங்க ஏற முடியாம நிக்கிறாங்கன்னு டூரிஸ்டுக்குன்னே தனி எக்ஸ்பிரஸ் பஸ் விட்டாங்க, கியோன் பகுதியில கெய்ஷாங்கிற பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்கள் வீடு இருக்குற தனியார் சந்துகளுக்குள்ள நுழைஞ்சா 10,000 யென் ஃபைன்னு போர்டு வச்சுட்டாங்க. போறீங்கன்னா டோக்கியோ, கியோட்டோவோட திரும்பாம கனசாவா, ஷிகோகு தீவு, குமாமோட்டோன்னு ரெண்டு நாள் அந்தப் பக்கமும் போயிட்டு வாங்க, கூட்டமும் கம்மி, உங்க காசு அங்க ரொம்ப உதவும்.

சேலம் வாசகி: எங்க தெருவுல கல்யாண நாளுக்குக்கூட தாய்லாந்து போறாங்க. ஏன் எல்லாரும் தாய்லாந்து, மலேசியா, வியட்நாம்னே போறாங்க?

விசாவும் பிளைட்டும்தாங்க. சீனாக்காரங்க குறைஞ்ச இடத்தை நிரப்ப இந்தியாவை விட்டா வேற ஆள் இல்லன்னு அந்த நாடுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தாய்லாந்து 2023 நவம்பர்ல நமக்கு விசா வேண்டாம்னு சொல்லிச்சு, மலேசியா அதே வருஷம் டிசம்பர்ல சொல்லிச்சு, வியட்நாம் ஆகஸ்ட்லயே எல்லா நாட்டுக்கும் 90 நாள் இ-விசா திறந்துடுச்சு. நம்ம திருச்சியில இருந்தே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரா பிளைட் இருக்கு, டெல்லி போறதும் கோலாலம்பூர் போறதும் நேரத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ஐரோப்பாவுக்கு விசா வாங்க பேங்க் ஸ்டேட்மென்ட் அது இதுன்னு கட்டுக்கட்டா பேப்பர் குடுத்துட்டு வாரக்கணக்குல காத்திருக்குற ஜனம், டிக்கெட் போட்டவுடனே கிளம்பலாம்னா எங்க போகும்?

இருந்தாலும் தாய்லாந்து நிலைமை இப்போ சுலபமா இல்ல. 2019-ல கிட்டத்தட்ட 4 கோடி பேர் வந்தாங்க, அதுல 1.1 கோடி சீனாக்காரங்க. 2024-ல மொத்தம் 3.55 கோடி வரைக்கும் ஏறிட்டு 2025-ல திரும்பக் குறைஞ்சிடுச்சு. 2025 ஜனவரியில சீன நடிகர் ஒருத்தரை ஷூட்டிங்னு தாய்லாந்துக்கு வரவழைச்சு எல்லை தாண்டி மியான்மர் மோசடிக் கும்பல்கிட்ட தள்ளின செய்தி வந்துச்சு, அவரை மீட்டுட்டாங்க, ஆனா சீனாவுல அந்த பயம் பரவி டிக்கெட் எல்லாம் கேன்சல் ஆச்சு. வியட்நாம் பக்கம் நேர் மாறா, 2025-ல 2.1 கோடியத் தாண்டி அவங்க வரலாற்றுலயே இல்லாத அளவு.

விசா விதியெல்லாம் அடிக்கடி மாத்துறாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த நாட்டு அரசாங்க வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீங்க.

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு வாசகர்: இலங்கைக்கு டூரிஸ்ட் ரெக்கார்டு அளவுக்கு வந்ததா அரசாங்கம் சொல்லுது. எங்கட பக்கம் ஒண்டும் தெரியேல்லையே, ஏன்?

நீங்க கேட்டது ரொம்பச் சரியான கேள்வி அண்ணா, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2018-ல இலங்கைக்கு 23.3 லட்சம் பேர் வந்தாங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, அப்புறம் 2022-ல பெட்ரோலுக்கு நாள்கணக்குல க்யூ நின்ன நெருக்கடின்னு வரிசையா அடி, 2022-ல வெறும் 7.2 லட்சம். அங்க இருந்து 2023-ல 14.9 லட்சம், 2024-ல 20.5 லட்சம், 2025-ல 2018-ஐயும் தாண்டி 23.6 லட்சம். இந்தியாதான் முதலிடம். இவ்வளவு அடிக்கு அப்புறம் எழுந்து வந்தது சாதாரண விஷயம் இல்ல, அதை ஒத்துக்கணும்.

ஆனா காசுக் கணக்கைப் பாருங்க. 2018-ல டூரிசத்துல வந்தது சுமார் 438 கோடி டாலர், 2024-ல 317 கோடி டாலர். தலை 12 சதவீதம்தான் குறைவு, காசு 27, 28 சதவீதம் குறைவு. 2025-ல தலைக்கணக்குல ரெக்கார்டு அடிச்சும் காசு 2018 அளவைத் தொடல. கொஞ்ச நாள் தங்குறாங்க, சிக்கனமா செலவு பண்றாங்க, பதிவு இல்லாத இடத்துல தங்கிட்டுப் போறதும் இருக்கு. வர்ற காசும் தெக்குல இருக்குற காலி நகரம், மிரிஸ்ஸ, எல்ல, கண்டி, சிகிரியான்னு ஒரே வட்டத்துக்குள்ள சுத்துது, ஏர்போர்ட்டுல இறங்கினவுடனே வண்டி தெக்கு நோக்கித்தான் திரும்புது. அறுகம்பேக்கு சர்ஃபிங் பண்றவங்க வர்றதால கிழக்குல கொஞ்சம் பரவாயில்ல. போர் நடந்த அத்தனை வருஷமும் வடக்குல ஓட்டலும் வளரல, ரோடும் வளரல, யாழ்ப்பாணத்துக்கு ரயிலே 2014 அக்டோபர்லதான் திரும்ப வந்துச்சு. இன்னைக்கும் ஒரு வெள்ளைக்காரர் எல்லவுக்கு ரயில் ஏறி டீத்தோட்டத்தைப் படம் எடுக்குறாரு, யாழ்ப்பாணம் பக்கத்துல நெடுந்தீவுன்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தெரியாது.

இதுல வெளிய தெரியாத ஒரு கணக்கும் இருக்கு. யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு கனடாவுல இருந்தும் லண்டன்ல இருந்தும் வர்ற நம்ம சனம் எல்லாரும் ஏர்போர்ட் கணக்குல கனடா டூரிஸ்ட், பிரிட்டன் டூரிஸ்ட்தான், ஏன்னா பாஸ்போர்ட் அந்த நாட்டோடது, சொந்தக்காரங்களைப் பாக்க வர்றவங்களையும் டூரிஸ்ட்டுன்னுதான் உலகம் முழுக்க எண்ணுறாங்க. அவங்க தங்குறது அக்கா வீட்டுல, அத்தை வீட்டுல, அதனால ஓட்டல் கணக்குல வரமாட்டாங்க, ஆனா மூணு நாலு வாரம் இருந்து செலவு பண்றது முழுக்க ஊருக்குள்ளயே நிக்கும். யாழ்ப்பாணத்துக்கு உண்மையில சோறு போடுற டூரிஸ்ட் அவங்கதான்னு நான் சொல்லுவேன், அவங்களை யாரும் டூரிஸ்ட்டுன்னு மதிக்கிறதே இல்ல, அவங்களுக்காக ஒரு வசதி பண்றதும் இல்ல.

தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து ஒரு வாசல் திறந்திருக்கு. யாழ்ப்பாணத்துல இருக்குற பலாலி ஏர்போர்ட்டுக்கு சென்னையில இருந்து பிளைட் இருக்கு. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14-ல தொடங்கி சில நாள்ல நின்னுபோய், 2024 ஆகஸ்ட் 16-ல இருந்து சிவகங்கைங்கிற கப்பலோட திரும்ப ஓட ஆரம்பிச்சுது, சுமார் நாலு மணி நேரம்தான், கடல் மோசமா இருக்குற மாசங்கள்ல நிறுத்திடுவாங்க. 1964 புயலுக்கு முன்னாடி சென்னையில போட் மெயில் ஏறி தனுஷ்கோடியில கப்பல் மாறி தலைமன்னார்ல இறங்கி கொழும்பு வரைக்கும் போன சனம் நாம, அது திரும்ப வந்தா எவ்வளவு நல்லாருக்கும். நம்ம வாசகர்கள் இலங்கை பேக்கேஜ் புக் பண்றப்ப டூர் கம்பெனிக்காரங்க நுவரெலியா, பெந்தோட்டைன்னு போட்டு அனுப்புவாங்க, யாழ்ப்பாணம் மூணு நாள் சேருங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க. கேட்டாத்தான் சேப்பாங்க.

ஈரோடு வாசகர்: ஒரு நாளைக்கு 100 டாலர் வரி போடுற பூட்டான், கொரில்லா பாக்க 1,500 டாலர் வாங்குற ருவாண்டா... பணக்காரங்க மட்டும் பாத்தாப் போதும்னு முடிவு பண்ணிட்டாங்களா?

கேக்க அப்படித்தான் இருக்கும், எனக்கும் முழுசா சம்மதம் இல்ல. ஆனா ருவாண்டா விஷயத்துல நான் அவங்க பக்கம். மலைக் கொரில்லா உலகத்துலயே ஆயிரம் சொச்சம்தான் மிச்சம், நம்ம சளி இருமல்கூட அதுங்களுக்குத் தொத்தும். ஒரு கொரில்லா குடும்பத்தைப் பாக்க ஒரு நாளைக்கு எட்டு பேர்தான், ஒரே ஒரு மணி நேரம்தான். கூட்டத்தைக் கூட்டவே முடியாதுன்னு ஆன அப்புறம் விலைய ஏத்துறதைத் தவிர வேற வழி என்ன இருக்கு? 2017-ல 750 டாலரை 1,500 ஆக்கினப்பவே, பூங்கா வருமானத்துல சுத்தியிருக்குற கிராமங்களுக்குப் போற பங்கையும் 5 சதவீதத்துல இருந்து 10 ஆக்கினாங்க, அதுல ஸ்கூல், ஆஸ்பத்திரி, தண்ணித் தொட்டி எல்லாம் வந்துச்சு. முன்னாடி காட்டுக்குள்ள கண்ணி வச்சவங்கள்ல சிலர் இன்னைக்கு டூரிஸ்ட் பையைத் தூக்கிட்டு மலை ஏறுற போர்ட்டரா சம்பாதிக்கிறாங்க. கொரில்லா உயிரோட இருந்தாத்தான் தன் வீட்டுல அடுப்பெரியும்னு அவங்களுக்குத் தெரியும், அதுக்கு மேல காவல் வேண்டியதில்ல.

பூட்டான் கொஞ்சம் இழுபறி. 2022 செப்டம்பர்ல நாட்டைத் திறந்தப்ப தினசரிக் கட்டணத்தை 65 டாலர்ல இருந்து 200-க்கு ஏத்தினாங்க, ஆள் வரத்து அடியோட குறைஞ்சு ஓட்டல்காரங்களும் கைடுகளும் தவிச்சுப் போனாங்க, ஒரே வருஷத்துல பாதியாக் குறைச்சு 100 ஆக்கினாங்க. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய்தான், நமக்கு எட்டுற தூரம்தான். கட்டணம் வச்சாலும் அந்தக் காசு இலவச மருத்துவத்துக்கும் படிப்புக்கும் போகுதுன்னு அரசாங்கம் சொல்லுது, அதனால மனசார குடுக்கலாம். ஆனா கலாபகஸ் தீவுல 100 டாலர் 200 ஆச்சு, நியூசிலாந்துல அவங்க டாலர்ல 35 இருந்தது 100 ஆச்சு, பாலியில 1,50,000 ரூபியான்னு எல்லாரும் இப்போ வரி போட ஆரம்பிச்சுட்டாங்க. வாங்குற காசு எங்க போகுதுன்னு கணக்கு காட்டுற நாடுகளை மட்டும்தான் நான் ஆதரிப்பேன்.

ஆம்பூர் வாசகர்: சவுதி, துபாய்க்கெல்லாம் டூர் போறவங்க திடீர்னு கூடிட்டாங்களே?

சவுதி டூரிஸ்ட் விசா குடுக்க ஆரம்பிச்சதே 2019 செப்டம்பர்லதான். அதுக்கு முன்னாடி ஹஜ், உம்ரா, வேலை, பிசினஸ் இவ்வளவுதான் வழி. எண்ணெய் எப்பவும் சோறு போடாதுன்னு அவங்க விஷன் 2030 திட்டம் போட்டு அல்-உலா மாதிரி பழைய நகரங்களைத் திறந்து விட்டாங்க, இப்போ டூரிஸ்ட் விசாவுலயே உம்ராவும் பண்ணலாம்கிறது நம்ம பக்கத்து குடும்பங்களுக்கு பெரிய வசதி. துபாய் 2024-ல மட்டும் 1.87 கோடி பேரைத் தங்க வச்சிருக்கு, பாதி உலகம் அங்க பிளைட் மாறுது, மாறுறவங்களை ரெண்டு நாள் பிடிச்சு வைக்கிறதுல அவங்க கெட்டிக்காரங்க. ஆனா அந்தப் பக்கம் ஒரு இடத்துல போர்னா அடுத்த வீட்டுக்கும் அடி விழும், காசா போர் தொடங்கின அப்புறம் ஜோர்டான்ல பெட்ரா வெறிச்சோடிப் போய், கழுதை வாடகைக்கு விடுறவங்க, டீக்கடை வச்சிருந்தவங்க எல்லாம் வருமானமே இல்லாம உக்காந்திருந்தாங்க. இத்தனைக்கும் போர் நடந்தது அவங்க நாட்டுல இல்ல.

வேலூர் வாசகர்: அமெரிக்காவுக்கு டூரிஸ்ட் குறையுறாங்களாமே?

2025-ல குறைஞ்சுது, அதுவும் கனடாக்காரங்க. அவங்கதான் அமெரிக்காவுக்கு வழக்கமா அதிகமா வர்றவங்க, கார்லயே வந்துட்டுப் போவாங்க. வரி தகராறும், கனடாவை அமெரிக்காவோட "51-வது மாநிலம்" ஆக்கலாம்கிற பேச்சும் வந்த அப்புறம் நிறைய பேர் கோபத்துல பயணத்தையே நிறுத்திட்டாங்க, எல்லை ஓரத்துல இருக்குற சின்ன ஊர்க் கடைகளுக்குத்தான் அதுல அடி.

தாம்பரம் வாசகி: அப்பா அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசுக்கு மேல ஆகுது. ஜூன்ல ஸ்கூல் லீவோட சேத்து 10 நாள்ல 7 நாடு ஐரோப்பா பேக்கேஜ் பாத்து வச்சிருக்கேன். போலாமா?

வேண்டாம்மா. முதல் காரணம் வெயில், தெற்கு ஐரோப்பாவுல ஜூன், ஜூலை இப்போ 40 டிகிரியைத் தொடுது, ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் மலைய 2023-லயும் 2024-லயும் மத்தியானத்துல மூடவே மூடிட்டாங்க. ஐரோப்பாக்காரங்களே இப்போ கோடையில நார்வே, ஸ்வீடன், பின்லாந்துன்னு வடக்கப் பாத்துப் போறாங்க. ரெண்டாவது, 10 நாள்ல 7 நாடுன்னா அப்பா அம்மா பாக்கப்போறது பஸ் சீட்டையும் ஹைவே டாய்லெட்டையும்தான், தினம் காலையில ஆறு மணிக்கு பெட்டி கட்டி வெளிய வைக்கணும், முட்டி வலியோட அது பெரிய கொடுமை.

முடிஞ்சா ஏப்ரல் கடைசி இல்லன்னா செப்டம்பர்ல போங்க. ரெண்டே ஊர் எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு நாள். காலையில மார்க்கெட் போய் பழம் வாங்கி, மத்தியானம் ரூம்ல படுத்து, சாயங்காலம் நடந்துட்டு வரட்டும். ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி மாசம் வரைக்கும் இழுக்காதீங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. கட்டணம் 90 யூரோ, விசா மறுத்தாலும் திரும்ப வராது. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுத் தூதரகத்துக்குத்தான் அப்ளை பண்ணணும். 30,000 யூரோவுக்குக் குறையாம மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கட்டாயம், பெரியவங்களுக்கு எடுக்குறப்ப ஏற்கெனவே இருக்குற சுகர், பிரஷருக்கு கவர் ஆகுமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

தங்குற இடம் லைசென்ஸ் நம்பர் போட்டிருக்குற இடமா பாருங்க, சின்ன குடும்ப ஓட்டல்னா ரொம்ப நல்லது.

கும்பகோணம் வாசகர்: அண்டார்டிகாவுக்குக்கூட டூர் போறாங்களாமே, உண்மையா?

உண்மைதாங்க, இப்போ ஒரு சீசனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல போறாங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் சீசன், பெரும்பாலும் அர்ஜென்டினாவோட உஷுவாயா துறைமுகத்துல கப்பல் ஏறணும், நடுவுல ரெண்டு நாள் கடல் பொரட்டி எடுக்கும். 500 பேருக்கு மேல இருக்குற கப்பல்ல போனா கரையில இறங்கவே விடமாட்டாங்க, இறங்கினாலும் ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பேர்தான், வெளி விதை எதுவும் ஒட்டி வரக்கூடாதுன்னு பூட்ஸ் அடியெல்லாம் கழுவி செக் பண்ணித்தான் விடுவாங்க. அங்க குடியிருக்குற ஊர்ஜனம்னு யாரும் கிடையாது, வாடகை ஏறிடுச்சுன்னு ஊர்வலம் போக ஆள் இல்ல, அதனால பென்குயினுக்காக இந்த விதிகளை நாமதான் கறாரா வச்சுக்கணும், இன்னும் இறுக்கினாலும் எனக்கு சந்தோஷம்தான். பல லட்சம் ஆகும். நிஜமாவே போற எண்ணம் இருந்தா அர்ஜென்டினாவுக்குள்ள நுழையிறதுக்கு என்ன பேப்பர் வேணும்கிறதை முதல்ல விசாரிச்சுக்கோங்க, கப்பலுக்கு அட்வான்ஸ் கட்டுறது அதுக்கு அப்புறம்.